அடுப்பை ரீவா மூட்டுவாள்

தம்பி,

போனில் நீ சொன்னதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடதாசிக்கு மீட்டிங் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருக்கும். பிழையைத் திருத்திக்கொண்டு வாசி. சொல்ல வந்ததைத் திருத்தாதே. சுமதிக்கும் வாசித்துக் காட்டு. கோவிலில் யாருக்காவது காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை நீ லீவு எடுத்திருக்கிறாய். என் சாமான்களை ஏற்ற வான் வாடகைக்குப் பிடித்திருக்கிறாய். பாட்டனி டவுன்ஸில் உன் வீட்டுக் கீழறையில் புதுக் கட்டில் போட்டு, யன்னலுக்குச் சீலையும் தொங்கவிட்டிருக்கிறாய். சுமதி படம் எடுத்து அனுப்பினாள். வடிவான கட்டில். யாராவது விருந்தாளி வந்தால் படுக்கட்டும். "அம்மா, உங்களுக்கு வயசு போட்டுது, தனிய இருந்தது காணும்" என்றாய். உன் அப்பா போன பிறகு பிளாக்ஹவுஸ் பேயில் இந்த யூனிட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். குளிரில் இருந்தேன், காய்ச்சலில் இருந்தேன், முழங்கால் வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்த காலத்திலும் இருந்தேன். அப்போதெல்லாம் எனக்கு வயது போகவில்லை. யூதர்களுடைய மண்டபக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்ற் ஊற்றி, அதைத் துடைத்துக்கொண்டு நான் நிற்கும் படம் எல்லாருடைய போனிலும் வந்த கிழமைதான் எனக்குத் திடீரென்று வயது போயிருக்கிறது. பெற்றவளுக்கு இது விளங்காதென்று நினைத்தாயா?

நீ முதலில் உண்மையைச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாய். "கோவில் கமிட்டியில அருளையா அண்ணை எல்லாருக்கும் முன்னால கேக்கிறார் அம்மா. காசாவில பிள்ளையள் சாகுதுகள், உங்கட அம்மா யூத ஆக்களுக்குச் சமைச்சுக் குடுக்கிறா, இதென்ன கதை எண்டு. நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"சூப்பெண்டு சொல்லு."

"பகிடி விடாதேங்கோ அம்மா."

"பகிடி இல்லை. பருப்புச் சூப்பும் உருளைக்கிழங்கும். என்ன குடுக்கிறனெண்டு கேட்டா அதைத்தானே சொல்லலாம்."

நீ பெருமூச்சு விட்டாய். "எனக்கும் அங்க ஒரு பேர் இருக்கு. அடுத்த முறை என்னைத் தலைவராப் போடக் கதைக்கினம். நீங்கள் இப்பிடிச் செய்தா நான் என்னெண்டு அந்தச் சனத்துக்கு முன்னால நிக்கிறது?" பிறகு அந்த வசனத்தைச் சொன்னாய். "இனியும் அங்க போனியளெண்டா என்ர வாசலுக்கு வராதேங்கோ." அடுத்த நாள் கட்டிலின் படம் வந்தது. வாசலுக்கு வராதே என்றவனே கட்டிலும் வாங்கியிருக்கிறான். உன் அப்பாவும் இப்படித்தான், வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து நீட்டுவார். ஆனால் அவர் ஏசியதை நான் மறந்ததில்லை. நீ சொன்னதையும் மறக்கப் போவதில்லை. அந்த மண்டபத்துக் குசினி, இல்லையென்றால் உன் வீடு. அதுதானே உன் கேள்வி? அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நீ ஒருநாளும் கேட்காத சிலதை உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் குசினிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் கைருன். உனக்கு அவளைத் தெரியும். உன் அப்பா கடைசியாகக் கிடந்த வார்ட்டில் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுவந்தவள். ஃபிஜியில் பிறந்த முஸ்லிம் பெண், பாபடோயிட்டோயில் இருக்கிறாள். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் தட்டை வைத்துவிட்டு, "அன்ரி, நீங்களாவது சாப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவாள். செத்த வீட்டுக்கு வந்த எங்கள் சனம் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கோடு நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. சும்மா இருந்தால் விசர் பிடிக்கும், வாருங்கள், ஓரிடத்தில் ஆள் தேவை என்றாள். யூதர்களில் தனியாக இருக்கும் கிழடுகளுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு சமைத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவர்களில் சிலர் உக்ரேன் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். தேவாலயத்துப் பெண்கள் சிலர் உதவிக்கு வருகிறார்கள், தன்னிடம் வான் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கை ஒன்றுதான் குறை என்றாள். எனக்கு யூதர் யார், உக்ரேன் எங்கே என்று ஒன்றும் தெரியாது. சமைக்கத் தெரியும்.

முதல் நாள் நான் எல்லாருக்கும் முந்திப் போய்விட்டேன். பஸ் அப்படி. மண்டபத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டான். புதுக் குசினி, பெரிய காஸ் அடுப்பு, துடைத்து வைத்த பானைகள். வேலைக்கென்று போனவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டு மூட்டினேன். தண்ணீர் கொதித்ததும் பருப்பை அரித்துப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன சிரட்டை அகப்பையால் துழாவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ரீவா உள்ளே வந்தாள். என்னைவிட மூத்தவள், பொல்லு ஊன்றி நடப்பவள். ஆனால் இப்போது சிநேகிதி ஆகிவிட்டதால் அவள் என்றே எழுதுகிறேன். என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அகப்பையைப் பார்த்தாள். நேரே வந்து காஸை அணைத்தாள். "நோ" என்றாள். "நீ மூட்டியது. இதை அவர்களுக்குக் கொடுக்க முடியாது."

அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆனால் அந்த வசனம் எனக்கு முழுதாக விளங்கியது. அதை நான் இதற்கு முன் தமிழில் கேட்டிருக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வெள்ளவத்தையில் எங்கள் கடையை எரித்த பிறகு, பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாகக் கிடந்தோம். நீ கைக்குழந்தை. அரிசி மூட்டை வந்தது, சமைக்க ஆள் இல்லை. நானும் இன்னும் இரண்டு பெண்களும் போய்ப் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றினோம். சோறு வடித்துப் பருப்பும் காய்ச்சியாயிற்று. சனம் வாழையிலைத் துண்டையும் கடதாசியையும் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறது. யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மனைவி முன்னால் நின்றவள், என் முகத்தைப் பார்த்தாள். "இதை ஆர் துழாவினது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். எந்த ஊர், ஆரின்ர மகள் என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள். "உவையின்ர கை பட்டதை நாங்கள் தின்னுறேல்லை" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய வீடும் எரிந்ததுதான். உடுத்த சேலையோடு வந்தவள்தான். பசியோடு கிடந்தாலும் சாதியைக் கைவிடாமல் கொண்டுவந்திருந்தாள். அவள் உடுத்திருந்தது மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட சேலை. இன்று தெருவில் கண்டாலும் சொல்லுவேன். அருளையா அவளுக்குச் சொந்தமாக இருக்குமோ என்று விசாரித்துக்கூடப் பார்த்தேன். இல்லையாம். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதனால் ரீவா காஸை அணைத்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அகப்பையைக்கூட எடுக்கவில்லை. கைருன் போன் அடித்தாள், நான் எடுக்கவில்லை. இந்த வயதில் இந்த நாட்டிலும் ஒருத்தி என் பானையைத் தள்ளிவைப்பதா என்று நெஞ்சு எரிந்தது. அப்படி விட்டுவிட்டு வந்தது பிழையென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் வந்திருப்பார்கள்.

அடுத்த கிழமை கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் ரீவா. பொல்லோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய என் அகப்பை. "கோபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஓம்" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. கதிரையைத் தானே இழுத்துப் போட்டு இருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"என் மருமகன் பல் டாக்டர். வெள்ளைக்காரன். நல்லவன். அவனும் மூட்ட முடியாது. ராசா வந்தாலும் மூட்ட முடியாது. எங்கள் ஆள் ஒருத்தர் நெருப்பு மூட்ட வேண்டும். அது சட்டம். பிறகு நீ சமைக்கலாம்."

"நான் தொட்டால்?"

"தொடாமல் எப்படிச் சமைப்பாய்?"

"அகப்பை?"

"அது உன் வீட்டு அகப்பை. வீட்டுக் குசினி வேறு, அந்தக் குசினி வேறு. அங்கே என் வீட்டுக் கரண்டியும் வரக்கூடாது." பொல்லைச் சுவரில் சாத்தினாள். "உன் பருப்பைக் கொட்டவில்லை. தேவாலயத்துப் பெண்கள் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். நல்லது என்றார்கள். எனக்குத்தான் கிடைக்கவில்லை. வாசம் வந்தது. எனக்கு ஆத்திரம்."

நான் அவளுக்கு வாத்தியாரின் மனைவி கதையைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் சாதியைச் சொல்லத் தெரியவில்லை. இலையைக் கீழே போட்டதை எழும்பி நின்று செய்து காட்டினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். ஒடெசா என்ற ஊரில் பல குடும்பங்களுக்கு ஒரே குசினி. எல்லாரும் ஒரே இடத்தில் சமைக்க வேண்டும். பக்கத்து அறைக்காரி இவளுடைய தாயின் சூப்புப் பானைக்குள் சவர்க்காரத் துண்டு போடுவாளாம், யூதச் சூப்பு நன்றாய் நுரைக்கட்டும் என்று. ஒருமுறை இல்லை, பலமுறை. தாய் அடுப்படியை விட்டு அசையாமல் பானைக்குக் காவல் நிற்பாளாம். அந்தப் பக்கத்து அறைக்காரியின் பெயர், அவளுடைய பூனையின் பெயர், சவர்க்காரத்தின் நிறம் எல்லாவற்றையும் ரீவா சொன்னாள். அவள் எப்போதோ செத்துப் போனவள். "செத்தாலும் மன்னிக்கவில்லை" என்றாள். எனக்கு அப்போதுதான் அவளைப் பிடித்தது. தேத்தண்ணி போட்டேன். தன் கையோடு கொண்டுவந்த கடதாசிக் கோப்பையில் வாங்கிக் குடித்தாள், அதற்கும் அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வரவில்லை. சட்டமும் அருவருப்பும் ஒன்றில்லை, தம்பி. அருவருப்பை முகத்தில் காணலாம். அருவருக்கிற ஒருத்தி பொல்லு ஊன்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரமாட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குசினியில் அப்படித்தான். ரீவா வந்து அடுப்பை மூட்டுவாள். மூட்டும்போது வாய்க்குள் ஏதோ சொல்லுவாள். நான் என் பாட்டுக்கு அடுப்பைத் தொட்டுக் கும்பிடுவேன். அதைப் பார்த்து அவள் கண்ணை வேறு பக்கம் திருப்புவாள், அவர்களுடைய கடவுள் அதற்குச் சம்மதிக்கமாட்டாராம். ஆனால் ஒருநாளும் கும்பிடாதே என்று சொன்னதில்லை. அவள் சூப்புக்குப் போடும் கோவாவை இலை இலையாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்ப்பாள், ஒரு சின்னப் பூச்சி இருந்தாலும் ஆகாது. நான் பருப்பில் கல் பொறுக்குவேன். இரண்டு பேரும் ஒருவர் வேலையில் மற்றவர் பிழை பிடிப்போம். சமைத்து முடிந்ததும் முதல் கோப்பை அவளுக்கு. நான் துழாவியதை என் கண் முன்னால் இருந்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "மிளகு கூட" என்பாள். ஒவ்வொரு கிழமையும் மிளகு கூட. ஒருநாள் பாபடோயிட்டோய்க் கடைக்குக் கைருனோடு போய்ப் புதுச் சிரட்டை அகப்பை ஒன்று வாங்கி வந்து, அதன் பிடியில் நீல நூல் கட்டி, அந்தக் குசினி ஆணியில் தொங்கவிட்டாள். அது அங்கேதான் இருக்கும், வேறெங்கும் போகாது. அதை என்னைத் தவிர யாரும் தொடுவதும் இல்லை. என் கை பட்டது ஆகாது என்று இலையைப் போட்டவள் ஒருத்தி, என் கைக்கென்று அகப்பை வாங்கித் தொங்கவிட்டவள் ஒருத்தி. இதில் எவள் என் சனம் என்று அருளையாவிடம் கேட்டுச் சொல்லு.

சாப்பாடு மட்டும் இல்லை. ரீவாவின் ஊரில் இன்னும் சில கிழடுகள் மிஞ்சியிருக்கிறார்கள். பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள், குண்டு விழுகிறது, கரண்ட் நின்றால் வீடு ஐஸ் மாதிரி ஆகிவிடுமாம். தேவாலயத்துப் பெண்கள் கம்பளி நூலில் காலுறையும் கழுத்துத் துண்டும் பின்னி அவர்களுக்கு அனுப்புவார்கள். எனக்குப் பின்னத் தெரியாது. ஆனால் பொதி கட்டத் தெரியும். வெள்ளவத்தைக் கடையில் கடதாசியில் சீனி சுற்றிச் சணல் நூல் கட்டிய கை இது. என் பொதி அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை. ஒருமுறை ரீவாவின் போனில் ஒடெசாவில் இருக்கும் ஒரு கிழவனைக் காட்டினார்கள். கட்டிலில் இருந்துகொண்டு இரண்டு காலையும் தூக்கிக் காலுறையைக் காட்டினான். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். "யார் கட்டியது? கத்தி வைத்து வெட்ட வேண்டியிருந்தது" என்று ஏசினானாம். ரீவா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இனி கதவுக்கு வருகிறேன். அந்தப் பெயின்ற் ஊற்றிய பிறகு கிழடுகள் மண்டபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். முன்பு நடக்கக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமை வந்து ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். இப்போது எல்லாரும் வீட்டில். ஒருவர் கதவைத் திறக்கும் முன் யார் யார் என்று பலமுறை கேட்கிறார், நாங்கள்தான் என்று தெரிந்தும் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் கோப்பையை வாங்குகிறார். ஒருத்தி யன்னல் சீலையைத் திறப்பதே இல்லை. உனக்கு அது புதினமாக இருக்கலாம், எனக்கு இல்லை. நானும் சீலை மூடிய யன்னலுக்குப் பின்னால் உன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள்தான்.

கைருனும் நானும்தான் அந்தக் கதவைத் துடைத்தோம். ரீவா துடைக்க வந்தாள், நாங்கள் விடவில்லை. "நீ அடுப்பை மூட்டு, இதை நாங்கள் பார்க்கிறோம்" என்றோம். துடைக்கும்போது நான் கைருனிடம் கேட்டேன். உன்னிடம் உன் ஆட்கள் கேட்பதில்லையா என்று. கேட்காமல் இருப்பார்களா என்றாள். தான் காசாவை நினைத்து அழாத தொழுகை இல்லையாம். கையில் கிடைப்பதை அங்கேயும் அனுப்புகிறாளாம். "அதற்கும் இந்தக் கிழவனின் சூப்புக்கும் என்ன அன்ரி? அவன் மூன்று படி ஏறமாட்டான், அவனா போய்க் குண்டு போட்டான்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் துணியை நனைத்தாள். அருளையாவுக்கு அவளைவிடக் காசாவில் துக்கம் கூட என்றால், அவர் அங்கே என்ன அனுப்பினார் என்று கேள். நானும் அந்தப் பிள்ளைகளை டிவியில் பார்த்து அழுகிறேன். உடம்பில் தூசியோடு ஒரு பிள்ளை தாயைத் தேடியதைக் கண்ட நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக ரீவாவின் சோற்றை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றிய ஆட்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அந்த எண்பத்து மூன்றில் வடக்கில் யாரோ கண்ணிவெடி வைத்தார்கள். ஆமிக்காரர் செத்தார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எரிந்தது வெள்ளவத்தையில் உன் அப்பாவின் கடை. நாங்கள் வெடியைக் கண்டோமா, வடக்குக்குப் போய்த்தான் எத்தனை காலம்? "தமிழர்தானே" என்றார்கள். அது போதுமாக இருந்தது. முதல் பெற்றோல் போத்தலை எறிந்தவன் சுனில். காலையும் மாலையும் எங்களிடம் வெற்றிலை வாங்கித் தின்றவன், உன்னைத் தூக்கிக் கொஞ்சியவன். அவனை நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் முகாம் வாசலுக்குப் பால்மா டின்னோடு வந்தவளும் சிங்களத்திதான். ஒரு கன்னியாஸ்திரி, வெள்ளை உடுப்பு முழுக்கப் புழுதி. வெளியில் நின்ற அவளுடைய சனமே அவளைப் பார்த்துக் கத்தியது. புலிக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். எனக்கு அந்த அளவுக்குச் சிங்களம் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குப் பால் வற்றிப் போயிருந்தது. அவள் கரைத்துத் தந்த பாலைத்தான் நீ குடித்தாய். நல்ல காலம் அவளுக்கு மகன் இல்லை. இருந்திருந்தால், அம்மா, சனம் கதைக்குது, அங்க போகாதேங்கோ என்று மறித்திருப்பான். நீ இன்றைக்குக் கமிட்டித் தலைவராக வர உயிரோடு இருந்திருக்கமாட்டாய்.

பகையை மறக்கச் சொல்லி உனக்குப் புத்தி சொல்வேன் என்று நினைத்திருந்தால், அது நான் இல்லை. என் மனதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். சுனில் இருக்கிறான், பச்சைக் கரைச் சேலைக்காரி இருக்கிறாள், உன் கலியாணத்தில் எனக்குப் பின்வரிசையில் கதிரை போட்ட உன் மாமியார்கூட இருக்கிறா, தன் தாயைச் சொன்னதற்குச் சுமதி கோபித்தாலும் பரவாயில்லை. ஆனால் பகையில் நான் சில்லறைக் கடைக்காரி, தம்பி. ஆளாளுக்குத் தனித்தனியாக நிறுத்துத்தான் கொடுப்பேன். மொத்த வியாபாரம் எனக்குப் பழக்கம் இல்லை. ஒருத்தன் எறிந்த போத்தலுக்கு ஒரு முழுச் சனத்தையும் வெறுப்பது சோம்பேறிகளின் வேலை, பெயரையும் முகத்தையும் ஞாபகம் வைத்திருக்கப் பஞ்சிப்படுகிறவர்களின் வேலை. அருளையாவை நான் வெறுப்பதென்றால் அருளையாவை மட்டும்தான். அவருடைய பெண்சாதி நல்ல மனிசி, அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நீ தலைவராக வா. வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் நிற்கும்போது அந்த நாலு பேருக்குப் பயந்து நிற்பதென்றால், அந்தக் கதிரை உனக்கு எதற்கு? அருளையா கேட்டபோது நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதுதான் எனக்கு நொந்தது. என்னை வாசலுக்கு வராதே என்றதுகூட அவ்வளவு நோகவில்லை. வாசலுக்கு வராதே என்றால் நான் வரமாட்டேன். பேரப்பிள்ளைகள் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வரட்டும், பஸ் இருக்கிறது. நீ என்னைக் கைவிட்டுவிட்டதாக நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவும் மாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன். நீ என் மகன் என்பதற்காக உனக்குத் தனி நிறை போடமாட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். கைருனின் வான் கராஜில் கிடக்கிறது. கியர் பெட்டி போய்விட்டதாம், எப்போது திருத்துவார்கள் என்று தெரியாது. நேற்று முழுக்க ரீவா யார் யாரிடமோ போனில் கேட்டாள். வான் வைத்திருப்பவர்களில் சிலருக்கு அந்த மண்டபத்து வாசலில் தங்கள் வாகனம் நிற்பதைப் பார்த்து யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயம். பயப்படுகிறவர்களை நான் ஏசவில்லை. ஆனால் யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் வேலை ஒன்றும் செய்யக்கூடாது, அதற்கு முந்திச் சாப்பாடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் கிடாரம் கொண்டுபோக முடியாது. சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னால் இருப்பவர் இந்தக் கிழமை காய்ந்த பாண் துண்டைத் தண்ணியில் நனைத்துத் தின்பார். அப்படித் தின்ன நான் விடமாட்டேன்.

உன்னிடம் லீவு இருக்கிறது. வாடகைக்குப் பிடித்த வான் இருக்கிறது. என் வீட்டுக்கு வராதே, என் சாமான் ஒன்றும் இங்கிருந்து அசையாது. நேரே மண்டபத்துக்கு வா. கதவில் இன்னும் சிவப்பு லேசாகத் தெரியும், அதுதான் அடையாளம். அருளையா படம் எடுத்துப் போட விரும்பினால் எடுக்கட்டும், முகத்தை மறைக்காமல் நில். வராவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் கைவண்டி வைத்தாவது தள்ளிக்கொண்டு போவோம். வந்தால் உன் கையால் ஒன்றையும் கிளறாதே, அகப்பையைத் தொடாதே, அடுப்புப் பக்கம் போகவே போகாதே. அடுப்பை ரீவா மூட்டுவாள். துழாவ நான் இருக்கிறேன். தூக்கத்தான் ஆள் இல்லை.

அம்மா